எட்டுப் பேர் மிதிக்க, ஒருவர் ஜெயிக்க...

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எட்டு சைக்கிள்காரர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. துணி துவைத்துப் போடும் வேலையும் இல்லை. மின்சாரக் கட்டணம்தான் கொஞ்சம் ஏறியது. அவர்கள் குடியிருந்தது என் பையனுடைய கம்ப்யூட்டரில்.

பையனுக்குப் பதினாறு வயது. புணேயில் பிறந்து வளர்ந்தவன். இந்த ஊரை ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்பார்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் ஆபீசுக்குப் போய்வந்ததும் சைக்கிளில்தான். ஆனால் எனக்குச் சைக்கிள் என்பது பஸ் காசை மிச்சப்படுத்தும் வண்டி. அவனுக்கு அது பந்தயம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கிளப் பையன்களோடு சிங்கட் கோட்டை மலையேறி, நான் இரண்டாவது காபி குடிக்கும்போது திரும்பி வருவான்.

ஜூலை மாதத்தில் ஒருநாள் அப்படித் திரும்பி வரவில்லை. ஈரச் சாலையில் சரளைக்கல் வழுக்கி விழுந்துவிட்டான். இடது பக்கக் காறை எலும்பு முறிந்திருந்தது. கையைத் துணிக்கட்டில் தொங்கவிட்டு, "ஆறு வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது. மூன்று மாதம் கழித்துப் பந்தயத்தைப் பற்றிப் பேசலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எலும்பு வலியைவிடப் பெரிய வலி ஒன்று அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. விழுவதற்கு முந்தைய வாரம்தான் கிளப்பின் பயிற்சியாளர், டிசம்பரில் நடக்கும் கிளப்புகளுக்கு இடையிலான பந்தயத்துக்கு அணியை அறிவித்திருந்தார். இவன் பெயர் இருந்தது. ஆனால் ஜெயிப்பதற்காக அல்ல. இவனைவிட மூன்று வயது மூத்த ஒரு பையனுக்குத் துணையாக. காற்றை மறைத்து ஓட்டவேண்டும், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவேண்டும்.

"நாலு மணிக்கு எழுந்து மலை ஏறினதெல்லாம் அவனுக்குத் தண்ணி பாட்டில் தூக்கத்தானாப்பா?" என்று அன்றிரவு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "விட்டுத் தள்ளுடா" என்றேன். அப்பாக்கள் பதில் தெரியாதபோது சொல்வது அதுதானே!

கை கட்டில் இருந்த நாட்களில் அவன் யாரோடும் பேசவில்லை. வலது கை மௌஸ் பிடிக்கும் என்பதால், 'புரோ சைக்கிளிங் மேனேஜர்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார்ந்துவிட்டான். அவனோடு பேச எனக்கு வேறு வழி இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவனாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். நடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த அரிச்சுவடிக் கேள்விகளையும் எனக்குக் கிடைத்த பதில்களையும்தான் இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்த விளையாட்டை வைத்துக்கொண்டு தோற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் உதவும். பின்னால் நின்று முறைத்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் உதவும்.

இதில் நாம் மிதிக்க வேண்டாமா?

வேண்டாம். இதைத் தயாரிப்பது 'சயனைட்' என்ற பிரெஞ்சுக் கம்பெனி. 2001-ல் 'சைக்கிளிங் மேனேஜர்' என்று வந்தது. 2005 முதல் இப்போதைய பெயர். பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம் ஜூலையில் நடக்கும். அதை ஒட்டி, பெரும்பாலும் ஜூன் மாதத்தில், ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வந்துவிடும்.

இதில் நாம் சைக்கிள் வீரர் அல்ல, அணியின் மேலாளர். யாரை வேலைக்கு எடுப்பது, என்ன சம்பளம், யாரை எந்தப் பந்தயத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் நம் பொறுப்பு. பந்தயம் தொடங்கிவிட்டால், பின்னால் காரில் வரும் அணி இயக்குநரின் இடம் நம்முடையது. "நீ முன்னால் போ", "நீ தலைவரைக் காப்பாற்று", "நீ இப்போது பாய்ந்து போ" என்று கட்டளை இடுகிறோம். அதற்குமேல் மிதிப்பது அவர்கள்.

முப்பது வருஷம் கணக்கு இலாகாவில் இருந்த எனக்கு, இது நம்ம ஆபீஸ் மாதிரிதான் இருக்கிறது என்று தோன்றியது.

ஒருவர்தானே ஜெயிக்கிறார், எட்டுப் பேர் எதற்கு?

இதுதான் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி. பையன் முதல்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"காத்துக்காகப்பா" என்றான்.

சமதளத்தில் வேகமாகச் சைக்கிள் ஓட்டுகிறவரின் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றுதான் தின்றுவிடுகிறது. இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் அந்த உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெருங்கூட்டத்தின் நடுவில் போனால் மிச்சம் இன்னும் அதிகம். ஆகவே ஒரு நாளைக்கு 180 கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தில், அணித்தலைவரின் முகத்தில் எவ்வளவு குறைவாகக் காற்றுப் படுகிறதோ அவ்வளவு சக்தி கடைசி மலைக்கு மீதம் இருக்கும். மற்ற ஏழு பேரும் அவருக்குக் குடை பிடிக்கிறார்கள்.

டூர் டி பிரான்சில் 2018-க்கு முன்னால் அணிக்கு ஒன்பது பேர். அந்த ஆண்டிலிருந்து எட்டுப் பேர். புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, எட்டுப் பேரையும் தலைவர்களாக நினைப்பது. பையன் எனக்கு வகுத்துக் கொடுத்த கணக்கு இது: ஒரு தலைவர். அவரோடு மலை ஏற மூன்று பேர். சமதளத்தில் நாள் முழுக்க முன்னால் நின்று இழுக்க இரண்டு குதிரைகள். மீதி இரண்டு இடத்தில், வேகமாக முடிக்கும் ஒருவரும் அவரை இழுத்துச் செல்ல ஒருவரும். அது வேண்டாம் என்றால் மலைக்கே இன்னும் இருவர்.

எந்த அணியை எடுத்துக்கொள்வது?

நான் எனக்கென்று தனியாக ஓர் ஆட்டம் தொடங்கினேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான். என் மனைவி ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, "அவனுக்குத்தான் கை உடைஞ்சிருக்கு, உங்களுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எடுத்த எடுப்பில் உலகத்திலேயே பலமான அணியைத் தேர்ந்தெடுத்தேன். அது தப்பு. சைக்கிள் பந்தயம் சாலையில் நடக்கிறது. டிக்கெட் வசூல் கிடையாது. அணிக்குப் பணம் விளம்பரதாரரிடமிருந்துதான் வரவேண்டும். விளையாட்டிலும் அப்படியே. பெரிய அணி என்றால் விளம்பரதாரரின் எதிர்பார்ப்பும் பெரிது. 'இந்தப் பந்தயத்தில் முதலிடம், அதில் முதல் மூன்றுக்குள்' என்று பட்டியல் நீட்டுவார். நிறைவேற்றாவிட்டால் முகம் சுளிப்பார். அடுத்த ஆண்டு பணத்தில் கை வைப்பார்.

பிறகு ஒரு சின்ன அணியை எடுத்தேன். அங்கே வேறு தப்பு. சம்பளப் பணத்தில் பெரும்பகுதியைக் கொட்டி ஒரே ஒரு நட்சத்திர வீரரை வாங்கினேன். மீதிக்கு மலிவாகக் கிடைத்தவர்கள். முதல் பெரிய மலை வந்தபோது என் நட்சத்திரத்தைச் சுற்றி எதிரணி ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்து நின்றதுபோல.

அனுபவத்தில் கண்டது: முதலில் நெடுங்கால ஆட்டமே வேண்டாம். ஒரு வாரப் பந்தயம் ஒன்றைத் தனியாக ஆடிப் பழகவேண்டும். பிறகு நடுத்தரமான ஓர் அணி. நன்றாக மலை ஏறும் ஒருவர், வேகமாக முடிக்கும் ஒருவர், நம்பகமான உழைப்பாளிகள் நாலைந்து பேர், தேறி வரக்கூடிய இளைஞர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும்.

ஒவ்வொரு வீரருக்கும் மதிப்பெண்கள் உண்டு. சமதளம், குன்று, மலை, தனிநபர் நேரப் பந்தயம், கல் பாவிய சாலை, கடைசி வேகம், தாக்குப்பிடிப்பு, மறுநாளைக்குள் தேறும் தன்மை என்று பல. வெறும் மொத்தத்தைப் பார்த்து ஆள் எடுக்கக்கூடாது. நாம் போகும் பந்தயத்தின் பாதை எப்படி என்று பார்த்து எடுக்கவேண்டும்.

தலைவர் கடைசியில் ஏன் படுத்துவிடுகிறார்?

எல்லாப் புது ஆட்டக்காரர்களும் கேட்கும் கேள்வி இதுதானாம். திரையில் ஒவ்வொரு வீரருக்கும் சக்தி இருப்பைக் காட்டும் பட்டைகள் உண்டு. ஒன்று நெடுநேர உழைப்புக்கான இருப்பு. இன்னொன்று திடீரென்று பாய்வதற்கான இருப்பு. இது சின்னது, சீக்கிரம் தீரும். நான் என்ன செய்தேன் என்றால், தலைவர் என்றால் முன்னால் போகவேண்டும் என்று நினைத்து, பந்தயம் தொடங்கியதிலிருந்தே அவரை முன்வரிசையில் நிறுத்தினேன். கடைசி 10 கிலோமீட்டரில் அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

தலைவர் இருக்கவேண்டியது முன்வரிசையில் அல்ல, அதற்குக் கொஞ்சம் பின்னால். துணைக்கு ஓர் ஆளை 'காப்பாற்று' என்ற கட்டளையோடு அவர் பக்கத்தில் வைக்கவேண்டும். ரொம்பப் பின்னாலும் விடக்கூடாது. முன்னால் யாராவது விழுந்து கூட்டம் இரண்டாகப் பிளந்தால் பின்னால் மாட்டிக்கொள்வோம். அதேபோல, மலை அடிவாரம் வருவதற்குச் சில கிலோமீட்டர் முன்பே அவரை முன்பக்கம் கொண்டுவந்துவிடவேண்டும். எல்லோரும் அடிவாரத்தில் முண்டியடிக்கும்போது இடம் பிடிக்க முயல்வது, தாதர் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்ற பிறகு வரிசை தேடுவதுபோல.

ஓடிப் போனவர்களைத் துரத்தலாமா?

பந்தயம் தொடங்கிய உடனே நாலைந்து பேர் கூட்டத்தை விட்டுத் தனியாக ஓடுவார்கள். ஐந்து நிமிடம் முன்னால் போய்விட்டார்கள் என்று திரை காட்டும். எனக்கு நெஞ்சு படபடக்கும். உடனே என் ஆட்கள் எல்லோரையும் துரத்த விடுவேன். அவர்களைப் பிடித்துவிடுவோம், பிடித்த கையோடு என் ஆட்கள் களைத்து விழுவார்கள். வேறொருவர் சுகமாக ஜெயிப்பார்.

பிரெஞ்சுப் பத்திரிகையாளரும் முன்னாள் வீரருமான ரொபேர் ஷபாத்தின் பெயரால் ஒரு பழைய விதி வழங்குகிறது. ஓடிப் போனவர்கள் தப்பிக்க வேண்டுமானால், மீதமுள்ள ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் ஒரு நிமிட இடைவெளி அவர்களிடம் இருக்கவேண்டும். 30 கிலோமீட்டர் பாக்கி, இடைவெளி 2 நிமிடம் என்றால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். 5 நிமிடம் என்றால் கஷ்டம். துல்லியமான விஞ்ஞானம் அல்ல. ஆனால் படபடப்பைக் குறைக்கும் நல்ல மருந்து.

துரத்துவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டும். ஓடியவர்களில் மொத்தக் கணக்கில் நமக்கு ஆபத்தானவர் யாராவது உண்டா? இல்லையென்றால் இன்றைய நாளை அவர்களுக்கு விட்டுவிடலாம். நம்மைவிட அதிகம் கவலைப்படவேண்டிய அணி வேறு இருக்கிறதா? இருந்தால் அவர்களும் ஆள் அனுப்பட்டும். நாம் ஒரே ஓர் ஆளை அனுப்பி வைத்தால் போதும். வாடகைக் காரில் நாலு பேர் போகும்போது ஒருவரே பணம் கொடுக்கவேண்டியதில்லை.

மலையில் எப்போது பாய்வது?

மலையில் வேகம் குறைவு; அதனால் காற்றை மறைப்பதால் வரும் லாபமும் குறைவு. இங்கேதான் தலைவர்கள் தனித்தனியாகப் பிரிகிறார்கள். புதியவர்கள் ஏற்றம் தொடங்கியதுமே 'தாக்கு' பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். பாய்ச்சலுக்கான சின்ன இருப்பு காலியாகிறது. பிறகு மெல்ல வருகிறவர்கள் எல்லோரும் அவரைக் கடந்து போகிறார்கள்.

சரியான முறை, துணை ஆட்களை ஒவ்வொருவராக முன்னால் விட்டுச் சீரான, கடுமையான வேகத்தில் இழுக்கச் செய்வது. ஒருவர் தீர்ந்ததும் அடுத்தவர். எதிரணித் தலைவரின் துணை ஆட்கள் உதிர்ந்த பிறகு, அவர் தனியாக நிற்கும்போது, கடைசிச் சில கிலோமீட்டரில் நம் தலைவர் பாயவேண்டும்.

இது வெறும் விளையாட்டுத் தந்திரம் அல்ல. 2022 டூர் டி பிரான்சின் 11-வது நாள் பந்தயத்தைப் பையன் எனக்குப் போட்டுக் காட்டினான். மஞ்சள் சட்டையோடு முன்னணியில் இருந்தவர் ஸ்லோவேனியாவின் தாதேய் போகாச்சார். அவரை எதிர்த்த யம்போ-விஸ்மா அணியில் பிரிமோஸ் ரோக்லிச், யோனாஸ் விங்ககோர் என்று இரண்டு பலசாலிகள். கலிபியே மலைப் பகுதியில் இருவரும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் போகாச்சாரே நேரில் துரத்திப் பிடிக்கவேண்டியதாயிற்று. கடைசி மலையான கிரனோனில் விங்ககோர் பாய்ந்தபோது போகாச்சாரிடம் பதில் இல்லை. அன்று அவர் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி. மஞ்சள் சட்டை கைமாறியது. அந்த ஆண்டுப் பட்டமும் விங்ககோருக்கே.

"ரோக்லிச் அன்னிக்கு எத்தனையாவது?" என்று கேட்டேன்.

"அவர் பல நிமிஷம் பின்னாடி வந்தார்ப்பா. அதுக்கு முன்னாலேயே ஒருநாள் விழுந்து அடிபட்டிருந்தார்" என்றான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

விநாடிக்கணக்கு அவ்வளவு முக்கியமா?

சமதள நாட்களில் கூட்டமாக வந்து கடைசியில் பாய்ந்து முடிப்பார்கள். இதற்கு ஒரு ரயில் வேண்டும். ஒருவர் பின் ஒருவராக நாலு பேர். கடைசிப் பெட்டியில் வேகக்காரர். முன்னவர்கள் ஒவ்வொருவராக இழுத்து விலக, கடைசி 200 மீட்டர் சுமாருக்கு அவர் வெளியே வரவேண்டும். 500 மீட்டரிலேயே அவிழ்த்துவிட்டால் கோட்டுக்கு முன்னால் மூச்சு நின்றுவிடும். நான் முதல் பத்துத் தடவையும் 500-ல்தான் அவிழ்த்துவிட்டேன்.

டூரில் இப்படி முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு 10, 6, 4 விநாடி சலுகை உண்டு. மூன்று வாரப் பந்தயத்தில் பத்து விநாடி ஒரு பொருட்டா என்று நினைத்தேன். 1989-ல் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தனிநபர் நேரப் பந்தயம். பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னால் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் அன்று ஒருநாளில் அவரைவிட 58 விநாடி குறைவாக எடுத்துக்கொண்டார். 3,200 கிலோமீட்டருக்குமேல் ஓடி, 8 விநாடியில் பட்டம் போயிற்று. ஆகவே தலைவரைக் கூட்டத்தோடு கோட்டைக் கடக்க வைப்பதும் ஒரு வேலைதான், சோம்பேறித்தனமாக விட்டுவிடக்கூடாது.

வருஷம் பூராவும் ஒருவர் ஜெயிக்க முடியாதா?

முடியாது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு வீரரின் உடல் தகுதியும் அலைபோல ஏறி இறங்கும். எந்த மாதத்தில் யார் உச்சத்தில் இருக்கவேண்டும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே திட்டம் போடவேண்டும். ஜூலையில் உச்சம் வேண்டுமானால் வசந்தகாலத்தில் அடக்கி வாசிக்கவேண்டும். இருக்கிற எல்லாப் பந்தயத்துக்கும் அனுப்பினால் களைப்பு ஏறிக்கொண்டே போகும். உச்சம் என்று எதிர்பார்த்த நாளில் பள்ளத்தில் இருப்பார். டூர் டி பிரான்ஸ் 21 நாள் ஓட்டம். நடுவில் இரண்டே நாள் ஓய்வு. மூன்றாவது வாரத்தில் ஜெயிக்கிறவர் முதல் வாரத்தில் பலசாலியாக இருந்தவர் அல்ல, ராத்திரியில் நன்றாகத் தேறுகிறவர்.

ஐந்தாவது வாரத்தில் பையன் ஆரம்பித்தான். "வலி இல்லப்பா. நாளைக்குச் சும்மா பாஷாண் வரைக்கும் போயிட்டு வரேன்."

அவன் அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டாள். நான் போடவில்லை. திரையைக் காட்டி, "உன் மலைக்காரர் விழுந்தாரே, அவரை எப்போ திரும்ப அனுப்பினே?" என்று கேட்டேன்.

சொல்லமாட்டேன் என்று பார்த்தான். பிறகு சொன்னான். அடிபட்டவர் தேறியதும் அவசரப்பட்டு ஒரு மலைப் பந்தயத்துக்கு அனுப்பியிருக்கிறான். அவர் கடைசிக் கூட்டத்தோடு தள்ளாடி வந்தார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பழைய நிலைக்கு வரவில்லை.

"அந்த அணிக்கு மேனேஜர் நீ. இந்த வீட்டுக்கு மேனேஜர் உங்க அம்மா" என்றேன். சிரித்துவிட்டான். விழுந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஆறு வாரம் முடிந்து, படம் எடுத்துப் பார்த்து, டாக்டர் சொன்ன பிறகுதான் சைக்கிளைத் தொட்டான்.

தண்ணீர் தூக்குகிறவருக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்வியை நான் வேண்டுமென்றே கடைசிவரை வைத்திருந்தேன்.

விளையாட்டில் ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு வீரரை அணியின் காருக்கு அனுப்பித் தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொல்வது. அவர் கூட்டத்தின் வால்வரைக்கும் பின்வாங்கி, எல்லோருக்கும் பாட்டில் வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மறுபடி முன்னால் ஏறி வரவேண்டும். அவருடைய சக்தி குறைவதைத் திரையிலேயே பார்க்கலாம். பையனின் அணியில் இந்த வேலைக்கு ஒருவரையே எப்போதும் அனுப்பிக்கொண்டிருந்தான். பிரெஞ்சில் இப்படிப்பட்டவர்களுக்கு 'தொமெஸ்தீக்' என்று பெயர். வீட்டு வேலைக்காரர் என்று அர்த்தம்.

நான் தேடிப் படித்து வைத்திருந்த ஒரு கதையை அன்று சொன்னேன். 1934 டூர் டி பிரான்ஸ். ரெனே வியெட்டோ என்று இருபது வயதுப் பையன், மலையேறுவதில் சூரன். அவனுடைய பிரெஞ்சு அணியின் தலைவர் அந்தோனன் மாஞ் மஞ்சள் சட்டையில் இருந்தார். பைரனீஸ் மலையில் இறங்கும்போது மாஞ் விழுந்து சக்கரம் உடைந்தது. வியெட்டோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரச் சுவரில் உட்கார்ந்து உதவி வரும்வரை காத்திருந்தான். கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் இன்றும் புகழ்பெற்றது. மறுநாள் இன்னும் மோசம். அவன் முன்னால் போய்விட்டான். தலைவரின் சைக்கிள் பின்னால் பழுதாகிவிட்டது என்று தெரிந்ததும், வந்த வழியே திரும்பி மேலே ஏறிப் போய்த் தன் சைக்கிளைக் கொடுத்தான். மாஞ் பட்டம் வென்றார். வியெட்டோ ஐந்தாவது, மலையேற்றப் பரிசு அவனுக்கு. ஆனால் டூர் பட்டம் அவனுக்குப் பிறகு ஒருபோதும் கிடைக்கவில்லை.

"இது என்னப்பா கதை? இதைக் கேட்டா எனக்கு இன்னும் கோபம்தான் வருது" என்றான் பையன்.

நியாயம்தான். கோபம் வரவேண்டிய கதைதான் அது. தியாகம் பெரியது என்று சொல்லி, தியாகம் செய்கிறவனை அப்படியே வைத்திருப்பது உலக வழக்கம். நம்மில் எத்தனையோ பேர் ஆபீசில் அதைப் பார்த்தவர்கள்தானே.

பதிலுக்கு அவன் எனக்கு ஒரு கதை சொன்னான். செப் குஸ் என்று ஓர் அமெரிக்கர். 2023-ல் இத்தாலியப் பந்தயத்தில் ரோக்லிச்சுக்குத் துணையாக ஓட்டினார், ரோக்லிச் ஜெயித்தார். டூர் டி பிரான்சில் விங்ககோருக்குத் துணை; விங்ககோர் ஜெயித்தார். அதே ஆண்டு ஸ்பெயின் நாட்டு 'வுவெல்தா' பந்தயத்தில் மூவரும் ஒரே அணியில் ஓடினார்கள். ஆரம்பத்தில் ஓடிப்போன ஒரு கூட்டத்தில் சேர்ந்து குஸ் முன்னிலை பெற்றுவிட்டார். விங்கும் மற்றவரும் அவரைத் தாண்டிவிடுவார்கள் என்றே தோன்றியது; நெருங்கியும் வந்தார்கள். கடைசியில் அணி முடிவு செய்தது, இந்த முறை அவருக்கு நாம் துணை என்று. குஸ் முதல். 17 விநாடி பின்னால் விங்ககோர் இரண்டாவது. ரோக்லிச் மூன்றாவது.

"அப்போ தண்ணி தூக்குறவனும் ஜெயிக்கலாம்கிறே" என்றேன்.

"எல்லாராலயும் முடியாதுப்பா. ஆனா யார் தூக்கினான்னு டீமுக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றான்.

பந்தயப் பரிசுப் பணத்தை ஜெயித்தவர் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அணியோடு பங்கிட்டுக்கொள்வது சைக்கிள் உலகின் நெடுநாள் வழக்கம் என்பதையும் அவன்தான் சொன்னான். அன்று இரவு அவனுடைய ஆட்டத்தை எட்டிப் பார்த்தேன். பாட்டில் தூக்கும் அந்த வீரருக்குச் சம்பளத்தை உயர்த்தி, இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தான். ஒரு சின்னப் பந்தயத்துக்கு அவரைத் தலைவராகவும் போட்டிருந்தான். அவர் பதினாலாவதாக வந்தார். பையனுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

டிசம்பர் பந்தயத்துக்கு நானும் என் மனைவியும் எலுமிச்சைச் சாதமும் வடாமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். முழுப் பாதையையும் பார்க்க முடியாது. ஏற்றம் முடியும் ஒரு திருப்பத்தில் நின்றோம். புணேவாசிகள் பலருக்கு மும்பை–புணே சைக்கிள் பந்தயம் காட் ஏறி வரும்போது சாலையோரம் நின்ற ஞாபகம் இருக்கும். அதே மாதிரிதான், கூட்டம் மட்டும் சின்னது.

முதலில் முன்னணிக்காரர்கள் போனார்கள். அவர்களில் எங்கள் கிளப்பின் மூத்த பையனும் இருந்தான். நம்மவன் இல்லை. வெகுநேரம் கழித்து, சட்டையின் முதுகுப் பையில் காலி பாட்டில் ஒன்று துருத்திக்கொண்டிருக்க, தனியாக ஏறி வந்தான். எங்களைப் பார்த்துக் கையை அசைத்தான். இடது கையை.

மூத்த பையன் ஆறாவது இடம். நம்மவனுடைய இடத்தை நான் கேட்கவில்லை. பந்தயம் முடிந்து எல்லோரும் புல்தரையில் உட்கார்ந்திருந்தபோது அந்த மூத்த பையன் எங்களைத் தேடி வந்தான். மராட்டியில் சொன்னான்: "காகா, ஏற்றத்தின் அடிவாரம்வரைக்கும் என் முகத்தில் காற்றே படவில்லை."

என் மனைவி அவனுக்கும் ஒரு தட்டில் எலுமிச்சைச் சாதம் வைத்துக் கொடுத்தாள். பையன் என்னைப் பார்த்து, "அப்பா, உங்க டீம் எப்படி இருக்கு? இன்னும் 500 மீட்டர்லயே அவிழ்த்து விடறீங்களா?" என்று கேட்டான்.

முந்நூறுக்குக் குறைத்துவிட்டேன் என்று சொன்னேன்.